கட்டைவிரலின் நிறம்

காஞ்சிபுரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எத்தினி பொடவ சார் எடுக்கணும்?" என்பது. கேட்டவர் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். வெளியூர் ஆள் ஒருவன் பெட்டியோடு இந்த ஊரில் வந்து நின்றால் ஒன்று பட்டுக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமிக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாவது காரணம் அவர் அனுபவத்தில் இல்லை.

"புடவை இல்லைங்க. ஆட்களோட தோல் நிறத்தை அளக்க வந்திருக்கேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

அவர் கண்ணாடியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "அதுக்கு மெஷின் வேற வச்சிக்கினு வந்தீங்களா? கண்ணுலயே தெரியுதே சார்" என்றார்.

ஆட்டோவில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மலேசியாவில் எங்கள் பினாங்கில் ஒன்பது பேர் கிளம்பினால் மூன்று கார் எடுப்பார்கள். அப்புறம் மூன்று காரையும் நிறுத்த இடம் தேடி அரை நாள் சுற்றுவார்கள். இங்கே ஒன்பதாவது ஆள் ஏறியபோதும் ஓட்டுநர், "தள்ளி உக்காருங்கபா, எடம் இருக்குது" என்றார். அவர் சொன்ன இடம் என் முழங்காலுக்கும் ஒரு பூக்கூடைக்கும் நடுவில் இருந்தது. அதில் ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்து ஏனாத்தூர் வரைக்கும் செல்போனில் படம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கருப்பையா. பாட்டன் கப்பலேறிப் போனதால் நான் பினாங்குக்காரன். மருத்துவக் கருவி செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கிற வேலை. வயது ஐம்பத்திரண்டு. என் நிறம் என்ன என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் கடைசிவரை சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

விரல் நுனியில் மாட்டினால் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று எண் காட்டும் கவ்வியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது தோல் வழியாக வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கணக்குப் போடுகிறது. தோல் நன்றாகக் கருத்திருந்தால் கணக்குத் தப்பும். தப்புவதிலும் ஒரு கெட்ட குணம், இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும். மூச்சு முட்டுகிறவனைப் பார்த்து "நீ சௌக்கியம்" என்று சொல்லும்.

என் அக்காவுக்கு அப்படித்தான் சொன்னது. சில வருடங்களுக்கு முன்பு காய்ச்சலும் இருமலுமாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவ்வி தொண்ணூற்றைந்து காட்டியது. எண் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் போனோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டாவது மாடியிலிருக்கும் தன் வீட்டுக்கு ஏற அவள் இப்போது நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். அந்தக் கவ்வி எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்தது.

அதைத் திருத்திப் புதுக் கவ்வி செய்திருக்கிறார்கள். இந்த முறை எல்லா நிறத்தவரிடமும் சோதித்த பிறகுதான் வெளியே விடுவது என்று முடிவு. வெளிர்நிறம் ஒன்று, கன்னங்கரேல் ஆறு என்று ஆறு கட்டம் அச்சடித்த அட்டை ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்துப் பேராவது பதிவாக வேண்டும். முதலில் ஆள் தன் கட்டம் எது என்று தானே சொல்ல வேண்டும். பிறகு என் மெஷின் அவர் கையின் உட்புறத்தை அளக்கும். சொன்னதும் அளந்ததும் ஒரு கட்டத்துக்கு மேல் விலகினால் பதிவு செல்லாது. முகாமில் வேலை பார்க்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கணக்கில் வரக்கூடாது. ஆறாவது கட்டம் காலியாகவே இருந்தால், "தகுந்த ஆட்கள் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். முதல் கவ்விக்கு அப்படித்தான் எழுதினார்கள். அந்த ஒரு வரியை மறுபடி எழுத விடக்கூடாது என்றுதான் இந்த வேலையை நான் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை, கோயில் பக்கத்து ஓட்டலில் ரோஸ்லின் என்னைப் பார்க்க வந்தார். வாலாஜாபாத் பக்கத்துப் பெண், நர்ஸ். எட்டு நாளைக்கு எனக்குத் துணை. நான் அப்போது காஞ்சிபுரம் இட்லியோடு போராடிக்கொண்டிருந்தேன். பினாங்கில் அந்தப் பெயரில் கேரட் துருவலும் முந்திரியும் ஒட்டவைத்த ஒன்றை நாற்பது வருடமாகத் தின்றிருக்கிறேன். இங்கே வந்தது மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, இலை விரித்த கூடையில் வெந்த கனமான துண்டு. ஒரு துண்டுக்கே மத்தியானச் சாப்பாடு தேவைப்படாது என்று தோன்றியது.

"மெதுவாத் துன்னுங்க சார், அது ஓடாது" என்றார் ரோஸ்லின். பிறகு மேஜைமேல் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்து ஆறாவது கட்டத்தில் விரல் வைத்தார். "நான் இது. எங்க அம்மாவும் இது."

ஆறு என்று ஒருவர் தானாகச் சொல்லிக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா சார் பாக்குறீங்க? எங்களக் கருப்புன்னு கூப்புடறதுக்கு வேற தெருவுல ஆளுங்க இருந்தாங்க. நாங்களே சொல்லிக்கினா அவுங்களுக்கு வேல இல்லாமப் போயிடுது. ஆனா என்னக் கணக்குல சேத்துக்க மாட்டீங்க, அப்படித்தான?"

அப்படித்தான் என்றேன். விதியை எழுதியவர்களை மனதுக்குள் திட்டினேன்.

முகாம் பக்கத்திலுள்ள நெசவாளர் ஊரான ஐயம்பேட்டையில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். இடம் கிடைத்ததே பெரிது என்று பிடித்துவிட்டார்கள். அதன் வினை முதல் நாளே தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் வெளிநாட்டுக்காரர் நிறம் பார்க்கிறார் என்றதும் ஊர் அதற்குரிய பொருளை எடுத்துக்கொண்டது. பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்து வந்தார்கள். ஆண்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர் போட்டு வந்தார்கள். அளப்பது கையைத்தான் என்று கேள்விப்பட்டவர்கள் கைக்கும் போட்டிருந்தார்கள். மெஷின் முதல் ஐந்து பேரில் மஞ்சளை அளந்தது, அடுத்த ஏழு பேரில் பவுடரை அளந்தது. ரோஸ்லின் வாசலில் ஈரப் பஞ்சோடு உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் துடைத்து அனுப்ப ஆரம்பித்தார். "என் மூஞ்சியத் தொடைக்க நீ யாரு?" என்ற குரல் கூடத்தின் உள்ளே வரைக்கும் கேட்டது.

ஒரு கல்யாணத் தரகர் அம்மாள் மட்டும் அளக்க வரவில்லை. மூன்று பெண் வீட்டாரைக் கூட்டிவந்து, மெஷின் காட்டும் எண்ணை முத்திரை போட்டுத் தாளில் தர முடியுமா என்று கேட்டார். ஜாதகத்தோடு இணைத்துக்கொள்வதற்கு. "ஒன்னு ரெண்டு கொறச்சிப் போட்டுத் தாங்கபா, நல்லது நடந்தா உங்களுக்கும் புண்ணியம்" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் அதற்கு முத்திரை போட்டுத் தரும் அதிகாரம் எனக்கு இல்லை.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது மாநிறம். அட்டையைக் காட்டி உங்கள் நிறம் எது என்று கேட்டால் ஊரே மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தது. தமிழில் மனிதர்கள் சிவப்பாக இருக்கலாம், மாநிறமாக இருக்கலாம். கருப்பு என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு உரிய சொல்.

ஏகாம்பரம் என்று ஒரு தறிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறவர். அவரும் மூன்று என்றார். மெஷினை வைத்தேன், ஆறு என்றது. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் ஆறு.

"மெஷின் ரிப்பேருபா" என்றார் ஏகாம்பரம்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர் பண்றவன்."

"அப்ப ரிப்பேர் பண்ணவரு சரியில்ல" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் தாளின்மேல் "செல்லாது" என்று எழுதினேன். அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது செல்லாதவை ஒரு கட்டாக இருந்தன. ஆறாவது கட்டத்தில் ஒருவரும் இல்லை.

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் கூட்டமே இல்லை. ரோஸ்லின் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போடலாம் என்றார். அட்டையை நான் கையில் பிடித்துக்கொள்ள, அவர் படம் எடுத்து அனுப்பினார். வியாழக்கிழமை காலை எல்லோரும் வரவும் என்று அதன்கீழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மண்டபத்தில் நெட்வொர்க் போய்விட்டது. படம் போய்ச் சேர்ந்தது, எழுத்து போகவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் "சரி" என்று மட்டும் பதில் போட்டிருந்தார். நல்ல ஊர், ஒரே சொல்லில் ஒத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் ரோஸ்லினின் யோசனைப்படி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத் அரிசி ஆலைக்குப் போனோம். வெயிலில் வேலை செய்கிறவர்கள், பொய் சொல்ல நேரமில்லாதவர்கள் என்பது அவர் கணக்கு. நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் உச்சிமுதல் உள்ளங்கால்வரை எல்லோர்மேலும் தவிடு. மெஷின் அவர்களை ஒன்றாம் கட்டம் என்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெள்ளையான தமிழர்களை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கழுவிக்கொண்டு வாருங்கள் என்றால் மேஸ்திரி எங்களையே கழுவி ஊற்றிவிடுவார் போலிருந்தது, திரும்பிவிட்டோம்.

திரும்பும் பேருந்தில் நிற்கத்தான் இடம். இந்த ஊரில் நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் கொடுத்துவிடுகிறார்கள். பினாங்கில் அப்படிக் கொடுத்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள். ஒரு அம்மாள் என் பெட்டியை அன்போடு கேட்டு வாங்கினார். அவர் இறங்கும்போது முன்சீட்டுக்காரரிடம் கொடுத்தார், அவர் இறங்கும்போது இன்னொருவரிடம். நாங்கள் பின்வாசல் வழியாக ஐயம்பேட்டையில் இறங்கியபோது பெட்டி ஓட்டுநர் பக்கத்தில் என்ஜின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. பேருந்து அதோடு காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் துரத்தினோம். முதல் நாள் பார்த்த அதே ஆட்டோக்காரர்தான். துரத்துகிற அவசரத்திலும் வழியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டார்.

பேருந்து நிலையத்து டீக்கடையில் பெட்டி பத்திரமாக இருந்தது. கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனாராம். "சோத்துக் கூடைன்னு நெனச்சாங்க சார். தொறந்து பாத்துட்டு, அய்யோ பாவம், துன்ற ஐட்டம் ஒன்னுமில்லன்னு மூடிட்டாங்க" என்றார் டீக்கடைக்காரர். அந்தக் கடையில் குடித்த டீ இந்தப் பயணத்திலேயே சிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. மண்டப வாசலில் மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். இரண்டு கையும் முழங்கைவரை நீலம், நகக்கண்ணில் சிவப்பு. சாயக்கார வெங்கடேசலு என்று ரோஸ்லின் சொன்னார். தோளில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாகப் பட்டு நூல் சிட்டங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாயம் ஏற்றிய பட்டு, கயிறுபோல் முறுக்கி முடிச்சிட்டது.

"ஆர்டர் யாருதுபா? நீளவாட்டுப் பாவுக்கு ஒரு கலரா, குறுக்க ஓடற ஊடைக்கு ஒரு கலரா, ஒன்னுமே எழுதல. சாம்பிளு போட்டுக்கினு வந்தேன். சாம்பிளுக்குக் காசு வாங்கற பழக்கம் இல்ல" என்றார்.

எங்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எழுத்தில்லாமல் போன படம் அது. இந்த ஊரில் கலர் அட்டையைப் பிடித்து ஒரு படம் அனுப்பினால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: இந்த நிறத்தில் பட்டு வேண்டும். "சரி" என்று பதில் போட்டவர் இவர்தான். ரோஸ்லின் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சிட்டங்களை அட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். மெஷினை வைத்துப் பார்த்தேன். மெஷினும் ஒத்துக்கொண்டது.

வெங்கடேசலு அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார். சாயக்காரர்கள் எண்ணால் பேசமாட்டார்கள். சந்தனம், கோதுமை, தேன், வெல்லம், காபிக்கொட்டை, புளி. ஆறு ஆயிற்று. மேஜைமேல் ஏழாவதாக ஒன்று இருந்தது.

"இது என்னங்க?"

"பனவெல்லம். படத்துல ஏழு கலரு இருந்துதே."

ரோஸ்லின் செல்போனை எடுத்துப் பார்த்தார். அட்டையில் ஆறு கட்டம். அட்டையைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் ஏழு.

"அது என் விரல்" என்றேன்.

வெங்கடேசலு படத்தையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "வெரலா இருந்தா இன்னா? அதுதான் கஷ்டமான கலரு. மத்த ஆறும் ஒரே முக்குல வந்துட்டுது. இது மூனு வாட்டி கொப்பரையில எறங்கிச்சு. உள்ள செவப்பு ஓடணும், மேல கருப்புத் தெரியணும். இந்த ஜாடை லேசுல வராதுபா" என்றார். என் நிறத்தைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் உள்ளே எட்டிப் பார்த்தார். அளக்க வரவில்லை, பட்டைப் பார்த்து வந்தார். தேன் சிட்டத்தை எடுத்துத் தன் கையின்மேல் வைத்து, "நான் சொல்லல? இதான் நானு" என்றார்.

வெங்கடேசலு அவர் கையைப் பிடித்தார். "டியூப்லைட்டுல கலர் பாப்பியா நீ? எத்தினி வருசமா தறி ஓட்டற? வா வெளியே." இருவரும் வாசலுக்குப் போனார்கள். காலை வெயில் நேராக விழுகிற இடத்தில் நிறுத்தி, ஏகாம்பரத்தின் கை உட்புறத்தில் தேன் நூலைப் போட்டார். பளிச்சென்று தெரிந்தது. வெல்லம் போட்டார், தெரிந்தது. காபிக்கொட்டை, இன்னும் கொஞ்சம் தெரிந்தது. புளி போட்டார். நூலைக் காணோம்.

"நூலு எங்க காணாமப் போவுதோ அதான் கலரு. சொல்லு, இது இன்னா?"

ஏகாம்பரம் நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவர் மாநிற ஏகாம்பரம், இன்னொருவர் முப்பது வருடத் தறிக்காரர். முந்தானைக்கும் உடலுக்கும் ஒரு நூல் நிறம் தப்பினால் தூக்கம் வராத ஜாதி தறிக்காரர்கள். சுற்றிலும் நான்கைந்து நெசவாளிகள் வேறு கூடிவிட்டார்கள். அவர்கள் எதிரில் பொருந்தாத நிறத்தைப் பொருந்துகிறது என்று சொன்னால் தொழிலில் தலை காட்ட முடியாது.

"புளி" என்றார் ஏகாம்பரம். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்கபா. கலரத் தப்பாச் சொல்ல மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. அட்டையைக் காட்டிக் கேட்டால் பொய் சொன்ன ஊர், நூலைக் கொடுத்தால் சத்தியம் பேசியது. சிட்டத்திலிருந்து இழை உருவி ஒருவர் கையில் ஒருவர் போட்டுப் பார்த்து, "காணோம், காணோம்" என்று கூவிக்கொண்டார்கள். தவறாகச் சொன்னவர்களை வெங்கடேசலுவே வெயிலுக்கு இழுத்துப்போய்த் திருத்தினார். மஞ்சளும் பவுடரும் தாமாகவே நின்றுவிட்டன. பொருத்தம் பார்க்கும்போது மேலே எதுவும் பூசியிருக்கக் கூடாது என்பது யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பனவெல்லம் தனக்குப் பொருந்தவில்லை என்று ஒரு அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த நிறத்தில் உடல், மாம்பழ மஞ்சளில் கரை என்று ஒரு புடவைக்கு அங்கேயே சொல்லிவைத்தார். நூலைப் பயன்படுத்தலாமா என்று பினாங்கிலிருக்கும் மேலதிகாரி அம்மாளிடம் போனில் கேட்டேன். மெஷின் ஒத்துக்கொண்டதா என்று கேட்டார், ஆம் என்றதும் சரி என்றார். ஆறாம் நாள் மாலை ஆறாவது கட்டத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். நான் இரண்டு காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டேன்.

கடைசி நாள் கூட்டம் கலைகிற நேரத்தில் ரோஸ்லின் ஏழாவது இழையை எடுத்துக்கொண்டு வந்தார். "எல்லாருக்கும் பாத்தாச்சு. உங்க கையக் காட்டுங்க சார்."

கணக்கில் வராதே என்றேன். கணக்குக்கு இல்லை, சும்மா என்றார். வாசலுக்கு வரவழைத்து என் முன்கையில் போட்டார். இழையைக் காணோம். ஏகாம்பரம் குனிந்து பார்த்துவிட்டு, "சொக்கத் தங்கம் மாதிரி பொருந்துதுபா" என்றார். வெங்கடேசலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"உங்க ஊர்ல உங்களுக்கு எந்தக் கட்டம் சார் போட்டாங்க?" என்று கேட்டார் ரோஸ்லின்.

பொய் சொல்லியிருக்கலாம். நூல் கையில் இருக்கும்போது வாயில் வரவில்லை. "நாலு" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வெங்கடேசலு தொழில்முறையில் கேட்டார். "வெல்லமா? யாரு பொருத்திப் பாத்தது?"

"நானேதான் சொன்னேன்."

"தப்புபா" என்றார் மெதுவாக. கைதேர்ந்த ஆள் ஒருவன் கலவையைக் கெடுத்துவிட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

மற்றவர்கள் போனபிறகு ரோஸ்லினிடம் முழுவதையும் சொன்னேன். முதல் கவ்வியைச் செய்தபோது வெளியே ஆள் தேடச் சோம்பல்பட்டு எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்களையே சோதித்தார்கள். அப்போது நிறம் அளக்கும் மெஷின் கிடையாது, அவரவர் சொன்னதுதான். தாளை என்னிடம் கொடுத்தபோது பக்கத்து மேஜைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறில் போட வேண்டிய குறியை நான் நான்கில் போட்டேன். என் விரலில் கவ்வி தப்பாகக் காட்டியதை நான்காம் கட்டத்தில் ஏதோ ஒரு சின்னப் பிசகு என்று சராசரியில் கரைத்துவிட்டார்கள். ஆறாவது கட்டத்துக்கு எதிரே "தகுந்த ஆட்கள் கிடைக்கவில்லை" என்று எழுதினார்கள். அந்த வரி எழுதப்பட்ட அறையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கவ்வி வெளியே போயிற்று, அக்காவின் விரலுக்கும் வந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தே இருந்தது. வெட்கமாக இருந்ததால் மறைத்தேன், அவ்வளவுதான்.

ரோஸ்லின் கேட்டுக்கொண்டு பஞ்சுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். "உங்க அக்காக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இத ஆபீசுக்கு அப்புறமா எழுதுங்க. மொதல்ல அவுங்ககிட்ட சொல்லுங்க" என்றார். பனவெல்லச் சிட்டத்தை ஒரு முடிச்சுப் போட்டு என் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பினாங்கில் அக்காவின் அடுக்குமாடிக்குப் போனபோது லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. கடைக்குப் போய்த் திரும்பிய அவளைப் படிக்கட்டிலேயே பிடித்தேன். முதல் இடத்தில் அவள் மூச்சு வாங்க நின்றபோது காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு சிட்டத்தைக் கொடுத்தேன். வெங்கடேசலு சொன்னபடி ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். தன் கையில் போட்டுப் பார்த்தாள். பிறகு என் கையில் போட்டாள். "ரெண்டு பேர் கையிலயும் காணோமேடா" என்றாள்.

அப்போது சொன்னேன். தாள், பக்கத்து மேஜைப் பெண், நாலு, எல்லாவற்றையும்.

"நாலுன்னா போட்ட?"

"நாலுன்னு போட்டேன்க்கா. மன்னிச்சிரு."

அவள் படி ஏறினாள். ஆறு படி. நான் பின்னாலேயே போனேன். அடுத்த இடத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"மடையா, நானா இருந்தா மூணுன்னு போட்டிருப்பேன்" என்றாள்.

அவள்தான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அவளுக்கு இரைத்தது, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையிலிருந்து அந்தப் பழைய கவ்வியை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள், எப்போதும் வைத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கவ்வி தொண்ணூற்றேழு காட்டியது. அவளுக்கு மூச்சு திரும்பக் கால் மணி நேரம் ஆயிற்று.